சிறிய நிறுவனத்துக்கு எச்.சி.ஐ வாங்குவதானால் நூட்டனிக்ஸா, வி-சானா, ப்ராக்ஸ்மாக்ஸா?

உங்கள் கேள்வியில் இருக்கும் விவரத்தை வைத்தே பதில் சொல்கிறேன். 25 விஎம் (சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் தனித்தனிக் கணினிகள்), மொத்தம் 9 டிபி தரவு, பாதிக்கு மேல் விண்டோஸ், ஏழு வருடம் ஓடிய இரண்டு சர்வரும் ஒரு சான் பெட்டியும் (சர்வர்களுக்கு வெளியே தனியாக நிற்கும் பொது ஸ்டோரேஜ்), ஐ.டி.க்கு இரண்டே பேர். விஎம்களை ஓட்டும் விஎம்வேர் மென்பொருளின் ரின்யூவல் விலையைப் பார்த்து அதிர்ந்துபோய் மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கியிருக்கிறீர்கள். மூன்றிலும் மூன்று சர்வர்தான், ஒவ்வொன்றிலும் 3.84 டிபி எஸ்.எஸ்.டி நான்கு.

எந்தப் பெயர் என்று யோசிக்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுவிடுங்கள். சான் பெட்டி இல்லாமல் சர்வர்களுக்குள் இருக்கும் டிஸ்க்குகளையே ஒன்றாகச் சேர்த்து ஒரே ஸ்டோரேஜாகக் காட்டுவதுதான் எச்.சி.ஐ (ஹைப்பர்-கன்வர்ஜ்டு இன்ஃப்ராஸ்ட்ரக்சர்). அதனால் ஒவ்வொரு தரவும் இரண்டு அல்லது மூன்று சர்வரில் பிரதியாக இருந்தே ஆக வேண்டும். கொட்டேஷனில் 46 டிபி என்று போட்டிருப்பார்கள். ப்ராக்ஸ்மாக்ஸோடு வரும் செஃப் என்ற ஸ்டோரேஜ் மென்பொருள் வழக்கமாக மூன்று பிரதி வைக்கும், ஆக 46.08-ஐ மூன்றால் வகுத்தால் 15.36 டிபி. 85 சதவீதம் நிரம்பியதும் செஃப் எச்சரிக்கும், 95-ஐத் தொட்டால் எழுதுவதையே நிறுத்திவிடும், அதனால் 13 டிபிதான் என்று பலரும் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் மூன்றே சர்வர் இருக்கும்போது ஒவ்வொரு சர்வரிலும் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்பதால், ஒரு டிஸ்க் செத்தால் அதிலிருந்த தரவு அதே சர்வரின் மற்ற மூன்று டிஸ்க்குக்குள்தான் போய் உட்கார வேண்டும், வேறு இடம் கிடையாது. 70 சதவீதம் நிரம்பியிருந்தால் அந்த மூன்றும் 93-க்குப் போய்விடும். அதையும் சேர்த்துப் பார்த்தால் நிம்மதியாகப் பயன்படுத்தக்கூடியது சுமார் 9.8 டிபி. உங்களிடம் இருப்பதோ 9. வாங்கிய அன்றே நிறைந்துவிடும்!

நூட்டனிக்ஸில் இரண்டு பிரதி வைத்தால் 23 டிபி வரும், அதில் ஒரு சர்வர் போனாலும் மறுபடி பிரதி எடுக்க இடம் ஒதுக்கினால் 15.36. அந்த மென்பொருளுக்கே தேவைப்படும் இடத்தையும் இதிலிருந்துதான் கழிக்க வேண்டும். அளவில் கூடுதலாகத் தெரிந்தாலும் பாதுகாப்பில் இரண்டு பிரதி மூன்று பிரதிக்குச் சமம் ஆகாது. விற்பவர்கள் கம்ப்ரஷன் (தரவைச் சுருக்குவது), டீடூப் (ஒரே தரவு திரும்ப வந்தால் ஒன்றை மட்டும் வைப்பது) செய்தால் இரண்டு மடங்கு கிடைக்கும் என்பார்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப், கேமரா வீடியோ, என்கிரிப்ட் செய்த டேட்டாபேஸ் இவையெல்லாம் சுருங்காது. உங்கள் 9 டிபியில் அவை எவ்வளவு என்று பார்க்காமல் அந்த இரண்டு மடங்கை நம்ப வேண்டாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. சில வருடம் முன் ஒரு தொழிற்சாலையில் மூன்று சர்வர் ப்ராக்ஸ்மாக்ஸ் - செஃப் அமைத்துக் கொடுத்தேன், நன்றாகவே ஓடியது. ஒரு சனிக்கிழமை காலை அப்டேட்டுக்காக ஒரு சர்வரை ரீபூட் செய்தேன். அது மேலே வருவதற்குள் இரண்டாவது சர்வரில் ஒரு டிஸ்க் போய்விட்டது. மூன்று பிரதியில் குறைந்தது இரண்டு உயிரோடு இருந்தால்தான் செஃப் எழுத விடும், அந்த டிஸ்க்கில் இருந்த பகுதிகளுக்கோ ஒன்றே ஒன்றுதான் மிச்சம். விஎம்கள் அணையவில்லை, அப்படியே உறைந்து நின்றன. ஈ.ஆர்.பி (பில், ஸ்டாக், கணக்கு எல்லாம் பார்க்கும் மென்பொருள்) திரையில் மணல்கடிகாரம் சுற்றிக்கொண்டே இருக்க, கேட்டில் மூன்று லாரி பில்லுக்காகக் காத்திருந்தது, ஸ்டோர் சூப்பர்வைசர் என் பக்கத்தில் வந்து எதுவும் கேட்காமல் நின்றார். முதல் சர்வரோ மெமரி செக் என்று ஒரே வரியைக் காட்டிக்கொண்டு நின்றது. 512 ஜிபி ராம் போட்ட சர்வர் பூட் ஆக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை அன்றுதான் நிமிடம் நிமிடமாகப் பார்த்தேன். பதினோரு நிமிடம். அது வந்து சேர்ந்ததும் எல்லாம் தானாக ஓட ஆரம்பித்தது, ஒரு எழுத்துகூட இழக்கவில்லை. செஃப் செய்தது சரிதான், மூன்று சர்வரோடு நிறுத்தியதுதான் என் தவறு. நான்காவது இருந்திருந்தால் அந்த சர்வரின் தரவை முதலில் மற்ற மூன்றுக்கும் நகர்த்திவிட்டு, மூன்று பிரதியும் முழுசாக இருக்கும்போதே ரீபூட் செய்திருக்கலாம். அதற்குப் பிறகு செஃப் என்றால் நான்கு சர்வருக்குக் குறைந்து யாருக்கும் நான் சொல்வதில்லை.

சரி, இப்போது ஒவ்வொன்றாக.

விஎம்வேரின் வி-சான் தொழில்நுட்பத்தில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். 2014-இல் வந்தது, 2022-இல் வி-சான் 8-ஓடு வந்த புதிய ஈ.எஸ்.ஏ அமைப்பு உண்மையிலேயே நல்ல மாற்றம், ஏனென்றால் பழைய அமைப்பில் ஒரு கேஷ் டிஸ்க் (வேகத்துக்காக முன்னால் வைக்கும் டிஸ்க்) போனால் அதோடு சேர்ந்த டிஸ்க் குரூப் முழுவதுமே போய்விடும். சிக்கல் லைசென்ஸில். 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கியது, டிசம்பரிலேயே நிரந்தர லைசென்ஸ் விற்பதை நிறுத்திவிட்டார்கள். இப்போது எல்லாம் சந்தா, கோர் கணக்கு, ஒரு சிபியுவில் 8 கோர்தான் இருந்தாலும் 16-க்குக் கட்ட வேண்டும். உங்கள் அளவு நிறுவனத்துக்கு இதில் தொடரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நூட்டனிக்ஸ் ஐ.டி.யில் இரண்டே பேர் இருக்கும் இடத்துக்கு மிகவும் பொருந்தும். அப்டேட் எல்லாவற்றையும் ஒரே திரையில் வரிசையாக அதுவே செய்துகொள்ளும், விஎம்களை ஓட்ட லினக்ஸின் கே.வி.எம் அடிப்படையில் அவர்களே தரும் ஏ.எச்.வி-க்குத் தனி லைசென்ஸ் கிடையாது, விஎம் எந்த சர்வரில் ஓடுகிறதோ அதன் ஒரு பிரதியை அங்கேயே வைக்கப் பார்க்கும் என்பதால் படிப்பது வேகமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு சர்வரிலும் ஸ்டோரேஜைக் கவனிக்க சி.வி.எம் என்று ஒரு விஎம் 20 முதல் 32 ஜிபி ராம், சில சமயம் அதற்கும் மேல் எடுத்துக்கொள்ளும், ராம் கணக்கில் இதைச் சேர்க்க மறக்காதீர்கள். இன்னொன்று, முதல் மூன்று வருட விலை அழகாக இருக்கும், நான்காவது வருட ரின்யூவல் விலையையும் இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மைக்ரோசாஃப்ட் பக்கம் நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் உங்களுக்கு அதைப் பார்க்கக் காரணம் இருக்கிறது. இத்தனை விண்டோஸ் விஎம்முக்கு விண்டோஸ் சர்வர் டேட்டாசென்டர் எடிஷன் ஏற்கெனவே வைத்திருந்தால், 2016 பதிப்பிலிருந்தே ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் டைரக்ட் என்ற எச்.சி.ஐ வசதி அதற்குள்ளேயே வருகிறது, தனியாகப் பணம் இல்லை. புதிய சர்வர்களின் கோர் எண்ணிக்கைக்கு அந்த லைசென்ஸ் போதுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அஷூர் லோக்கல் என்ற மைக்ரோசாஃப்டின் இன்னொரு எச்.சி.ஐ வேறு, அதற்கு ஒரு கோருக்கு மாதம் 10 டாலர், 30 நாளுக்கு ஒரு முறையாவது மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷூரோடு தொடர்பு கொள்ள வேண்டும்.

ப்ராக்ஸ்மாக்ஸ் - செஃப் எனக்கு மிகவும் பிடித்தது, மென்பொருளுக்கு லைசென்ஸ் கட்டணமே இல்லை, சப்போர்ட் வேண்டுமானால் சிபியு கணக்கில் சந்தா. ஆனால் விலை குறைவு என்பதற்காக மட்டும் போகாதீர்கள். உங்கள் இருவரில் ஒருவருக்காவது லினக்ஸ் கமாண்ட் லைனில் பயம் இருக்கக் கூடாது. டிஸ்க்கும் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்.எஸ்.டி ஆகாது, மின்சாரம் போனாலும் எழுதிக்கொண்டிருந்ததைக் காப்பாற்றும் கெப்பாசிட்டர் உள்ள என்டர்பிரைஸ் டிஸ்க்தான். அது இல்லாவிட்டால் ஈ.ஆர்.பி டேட்டாபேஸ் தவழும்.

அப்புறம் எதை எடுத்தாலும் 10 ஜிபிட் ஸ்விட்ச் இரண்டு வேண்டும், முடிந்தால் 25. உங்கள் கொட்டேஷனில் ஒன்றுதான் இருக்கிறது. மூன்று பிரதி வைத்துவிட்டு அத்தனையையும் ஒரே ஸ்விட்ச் வழியாக விடுவதில் பயனில்லை. பிரதி பேக்கப்பும் ஆகாது. ரான்சம்வேர் ஒரு ஃபைலைப் பூட்டினால் மூன்று பிரதியும் அதே நொடியில் பூட்டப்படும். டொமைனில் (நிறுவனத்தின் பொது லாகின் அமைப்பில்) சேராத தனிப் பெட்டியில் பேக்கப் இருக்க வேண்டும், அதற்குப் பட்ஜெட் இல்லையென்றால் ஒரு சர்வரைக் குறைத்து, பழையபடி இரண்டு சர்வர், ஒரு சான் பெட்டி, நல்ல பேக்கப் என்று போவதே மேல். உங்கள் தரவு வேகமாக வளர்ந்து, சிபியு தேவை அப்படியே இருந்தாலும் அதே பதில்தான், ஏனென்றால் எச்.சி.ஐ-யில் டிஸ்க் இடம் நிரம்பியதும் பெரும்பாலும் முழு சர்வரையும் அதன் கோர் லைசென்ஸையும் சேர்த்தே வாங்க வேண்டிவரும்.

நானாக இருந்தால் நூட்டனிக்ஸ் மூன்று சர்வரை 7.68 டிபி டிஸ்க்குகளோடு கேட்பேன், அதே கையோடு ப்ராக்ஸ்மாக்ஸ் நான்கு சர்வருக்கும் விலை வாங்கி, லினக்ஸ் தெரிந்த ஆள் இருந்தால் இரண்டாவதை எடுப்பேன். யாரிடம் வாங்கினாலும் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் ஈ.ஆர்.பி-யை ஓடவிட்டு, அவர்கள் கண் முன்னால் ஒரு சர்வரின் இரண்டு பவர் கேபிளையும் பிடுங்குங்கள். அதிலிருந்த விஎம்கள் வேறு சர்வரில் எழுந்து ஈ.ஆர்.பி மறுபடி உள்ளே விட எத்தனை நிமிடம் ஆகிறது, பிரதிகள் முழுசாக எத்தனை மணி நேரம் ஆகிறது என்று இரண்டையும் குறித்து, அந்தத் தாளில் அவர்கள் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.