சின்னக் கராஜ்காரர்கள் சேர்ந்து கேட்டால் சட்டம் வருமா?

வாகனக் கம்பனிகள் தங்கள் ஏஜென்டுகளுக்கு மட்டும் கொடுக்கும் வண்டி திருத்தும் தகவல்களை எங்களுக்கும் கொடுக்கச் சொல்லிச் சட்டம் கொண்டுவர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் கராஜ் வைத்திருப்பவராகத்தான் இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு இந்த எரிச்சல் வராது.

முடியும். ஆனால் நாங்கள் கேட்ட மாதிரிக் கேட்காதீர்கள்.

திருகோணமலையில் அனுராதபுரச் சந்திக்குக் கிட்ட எனது கராஜ். 2023இல் ஒரு ரீச்சரின் ஜப்பான் ஹைபிரிட் காருக்குப் பிரேக்கை இயக்கும் அக்சுவேற்றர் போய்விட்டது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழையது ஒன்று எடுப்பித்து அரை நாளில் பூட்டிவிட்டேன். பூட்டிய பிறகு காரின் கம்ப்யூட்டருக்குள் போய் அதை அளவு செய்துவிட வேண்டும். என் ஸ்கேனர் பிழையை வாசிக்கும், அந்த இடத்துக்குள் மட்டும் போகாது. மஞ்சள் லைட் அணையவில்லை. ஏஜென்டுக்குப் போன் எடுத்தால், 'நாங்கள் இறக்கிய வண்டி இல்லை, வேண்டுமென்றால் கொண்டு வாருங்கள்' என்றார்கள். கரியர் லொறியில் ஏற்றி, ஹபரணை, தம்புள்ளை என்று கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். அங்கே லப்டொப்பைக் கொழுவி இருபது நிமிடத்தில் முடித்தார்கள். கரியர் கூலி என் கூலியை விடக் கூட. ரீச்சர் சத்தம் போடவில்லை. 'முதலே அங்கே கொண்டுபோயிருக்கலாமே தம்பி' என்றா. அது இன்னும் உள்ளே கிடக்கிறது.

அந்தச் சூட்டில்தான் மகஜர் எழுதினோம். கிண்ணியா, சீனக்குடா, டவுன் என்று தமிழ், முஸ்லிம், சிங்களக் கராஜ்காரர்கள் பதினான்கு பேர். ஒவ்வொருவரும் தன் வயிற்றெரிச்சலைச் சேர்க்க, பதினொரு கோரிக்கை ஆகிவிட்டது. ஸ்கேனருக்கு வரிக்குறைப்பு, வங்கிக் கடன், கரண்ட் பில், புகைப் பரிசோதனை... தகவல் விஷயம் ஏழாவதாகப் போய்விட்டது! பாராளுமன்ற உறுப்பினர் (பா.உ.) சிரித்தபடி வாங்கினார், போட்டோவும் எடுத்தோம். மாதங்கள் கழித்து ஒரு திணைக்களத்திலிருந்து பதில் வந்தது, தனிச் சிங்களத்தில். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. ஆனாலும் திருகோணமலைக்கு வரும் கடிதத்தை வாசிக்கச் சீனக்குடா பாஸிடம்தான் போனோம். அவர் வாசித்துவிட்டு, 'மேல் நடவடிக்கைக்கு அனுப்பியிருக்கிறார்களாம், அவ்வளவுதான்' என்றார். சரி, இதைப் பேசத் தொடங்கினால் முடியாது.

பிறகுதான் வெளிநாட்டில் எப்படிக் கேட்டார்கள் என்று பார்த்தேன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இல் இதை மக்கள் வாக்கெடுப்புக்கே விட்டார்கள், 80 வீதத்துக்கு மேல் ஆம் என்றார்கள். அடுத்த மாநிலமும் இப்படித் தொடங்கிவிடும் என்று பயந்து கம்பனிகள் 2014இல் நாடு முழுவதற்குமாக உடன்பாட்டுக்கு வந்தன. 2020இல் கார் வயரில்லாமல் கம்பனிக்கு அனுப்பும் தரவுக்கும் வாக்கெடுப்பு வைத்து வென்றார்கள், ஆனால் கம்பனிகள் வழக்குப் போட்டு வருடக்கணக்கில் இழுத்தன. எனக்குப் பிடித்தது அவுஸ்திரேலியா. அங்கே இருந்த போட்டி, நுகர்வோர் சட்டத்துக்குள்ளேயே ஒரு பகுதியைச் செருகினார்கள், 2022 ஜூலை 1 முதல் நடைமுறை. எங்களிடமும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. அதற்குள் ஒரு பிரிவைக் கேளுங்கள். ஒன்று மட்டும்.

இனி வந்து 'ஓசியில் கேட்கிறான்' என்பீர்கள். அங்கேயும் ஓசியில்லை, நியாயமான விலைக்கு விற்க வேண்டும் என்பதுதான் சட்டம். 'திறப்புக் கோட் கள்ளன் கையில் போகாதா?' அவுஸ்திரேலியாவில் பாதுகாப்புத் தகவலை ஆளை விசாரித்த பிறகுதான் கொடுக்கிறார்கள். ஏஜென்ட்காரரோடு எனக்குப் பகையும் இல்லை, அங்கே வேலை செய்பவர்களில் இரண்டு பேர் என்னிடம் தொழில் பழகிய பொடியன்கள்.

எங்களுக்கு உள்ள தனிச் சிக்கல், ஓடும் கார்களில் பாதிக்கு மேல் ரீகண்டிஷன், அதாவது வெளிநாட்டில் ஓடிய பிறகு இங்கே இறக்கியவை. ஏஜென்ட் இறக்காத வண்டிக்கும் அவர் தகவல் விற்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் எழுதாவிட்டால் சட்டம் வந்தும் பிரயோசனமில்லை. என் அனுபவத்தில் சொல்கிறேன், கணக்கெடுப்பு எதுவும் கையில் இல்லை.

பாராளுமன்றத்துக்கு மனுக் கொடுப்பதென்றால் ஒரு பா.உ. மூலம்தான் போக வேண்டும், அதனால் ஒரே பக்கத்தில் எழுதுங்கள், அவர் காரில் போகும்போதே வாசித்துவிடட்டும். கூடவே ஒரு பில்லை இணைத்துவிடுங்கள். ஸ்கேனுக்காக வண்டி ஏற்றி அனுப்பிய கரியர் பில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். என்னுடையதை ரீச்சரிடம் கொடுத்துவிட்டேன். இப்போது போய்த் திருப்பிக் கேட்க முகமில்லை.