ஜூன் தொடக்கத்துல ஜான் மியூர் ட்ரெயில் நடக்க முடியுமா?

முடியும்ங்க, ஆனா இந்த நடைபாதை இருக்கிற கலிஃபோர்னியா சியரா நெவாடா மலைல ஜூன்னா கோடைதானேன்னு நெனச்சு கிளம்பிடாதீங்க, மேல கணவாய்ங்கள்ல பனி அப்படியே கெடக்கும். யோசெமிட்டில இருந்து 4,421 மீட்டர் விட்னி சிகரம் வரைக்கும் சுமார் 340 கிலோமீட்டர், வழியில ஃபாரெஸ்டர் பாஸ்ங்கற கணவாயே 4,000 மீட்டருக்கு மேல. விடியக்காலைல பனி கல்லு மாதிரி இறுகியிருக்கும், மைக்ரோஸ்பைக்கும் (ஷூவுக்கு அடியில மாட்டுற முள்ளு) ஐஸ் ஆக்ஸும் (பனியில ஊனிக்கிற சின்னக் கோடாலி) இருந்தா ஏறிடலாம், அதே பனி மத்தியானம் இளகிட்டா ஒரு அடி வைக்கிறப்பவே தொடை வரைக்கும் பொதக்குன்னு உள்ள போயிடும்.

என்னைக் கேட்டா பனியை விட ஓடைங்கதான் ஆபத்து. பகல் வெயில்ல உருகுன தண்ணியெல்லாம் சாயங்காலம்தான் வந்து சேரும், காலைல முழங்கால் அளவு இருந்தது இடுப்புக்கு வந்துடும். அதனால இந்தப் பக்கமே டென்ட் போட்டுத் தூங்கிட்டு காலைல கடங்க, ஷூவைக் கழட்டாதீங்க, பையோட இடுப்பு பெல்ட்டையும் நெஞ்சுப் பட்டையையும் அவிழ்த்து விடுங்க, விழுந்தா பை உங்களை அமுக்கிடக் கூடாது. கீழ அருவி இருந்தா அந்த இடத்துல இறங்கவே வேணாம், தயவுசெஞ்சு.

பெர்மிட் கட்டாயம். சாப்பாட்டைப் பூட்டி வைக்க கரடியால திறக்க முடியாத டப்பா, பனியில வெயில் கண்ணைக் கூசும்ங்கறதால நல்ல கூலிங் கிளாஸ், ஜூன் கடைசின்னா தலைக்கு ஒரு கொசுவலை.