புதிதாகக் கட்டிய வீட்டில் சில மாதங்களிலேயே சுவரில் பூஞ்சை பிடிப்பது ஏன்? கட்டியதில் தவறா?

பெரும்பாலும் ஆம். எந்தச் சுவரில், எந்த உயரத்தில் வந்திருக்கிறது என்று பாருங்கள். தவறு எங்கே என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

வீடு முழுக்கப் பரவலாக இருந்தால் காரணம் அவசரம். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் சுமார் 170 லிட்டர் தண்ணீர் சேர்கிறது. சிமென்ட்டோடு சேர்ந்து இறுகுவது அதில் ஏறக்குறைய பாதிதான். மிச்சம் ஆவியாகித்தான் போக வேண்டும். பூச்சுக் கலவையின் தண்ணீர், க்யூரிங்குக்காக (இறுகும்வரை நனைத்து வைக்க) ஊற்றும் தண்ணீர் எல்லாம் இதற்கு மேல். பூச்சு முடிந்து 28 நாள்கூட விடாமல் புட்டி தேய்த்து எமல்ஷன் அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதற்காக க்யூரிங்கைக் குறைக்காதீர்கள். குறைத்தால் பூச்சில் விரிசல் விட்டு மழைநீர் இறங்கும். பெயிண்டுக்கு முன் 45 செ.மீ. சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, 16 மணி நேரம் கழித்துப் பிரியுங்கள். உட்புறம் நீர் முத்துப் பூத்திருந்தாலோ சுவர் கருத்திருந்தாலோ இன்னும் காத்திருக்க வேண்டும்.

தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள் பட்டையாக வந்தால், மண்ணின் ஈரம் சுவரில் ஏறாமலிருக்க அடித்தளத்துக்கு மேல் போட வேண்டிய ஈரத்தடுப்புப் படையைச் சந்தேகப்படுங்கள். படை போட்டும் கெடுப்பவர்கள் உண்டு: வெளிப்பூச்சை மண்வரை இறக்கிவிடுவார்கள், இல்லையென்றால் தோட்ட மண்ணைப் படைக்கு மேலே குவிப்பார்கள். ஈரம் படையைச் சுற்றிக்கொண்டு மேலேறும். வெளித்தரை படைக்கு 15 செ.மீ. கீழே இருக்கட்டும். இந்த இடத்தில் வெள்ளையாகப் பூப்பது பல நேரம் பூஞ்சையே அல்ல; தண்ணீர் தெளித்தால் கரைந்துபோகும் உப்பு. அதுவும் சுவரில் ஈரம் ஏறுவதன் அடையாளம்தான்.

ஜன்னலுக்குக் கீழே என்றால் வெளி விளிம்புக்குச் சரிவு இல்லை, அல்லது அடியில் நீர் சொட்டிவிழச் சிறு பள்ளக் கோடு வெட்டவில்லை. குளியலறையின் மறுபக்கச் சுவர் என்றால், டைல்ஸ் ஒட்டும் முன் 24 முதல் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்க்காமல் விட்டிருப்பார்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றை வெளியே தள்ளாமல் ஃபால்ஸ் சீலிங்குக்குள் விடுவதும் அடிக்கடி நடப்பதுதான்.

கூரை மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் மட்டும் வந்தால் கசிவு இல்லாமலும் இருக்கலாம். வெளிச்சுவர் குளிர்ந்து, அறைக் காற்றின் ஈரம் அதில் படிகிறது. அலமாரியை 5 செ.மீ. தள்ளி வையுங்கள்.

பூஞ்சைத் தடுப்பு பெயிண்டை இப்போதே வாங்க வேண்டாம். முதலில் தண்ணீர் வரும் வழியை அடைத்து, சுவரை உலரவிட்டு, பிறகு என்95 முகக்கவசம் போட்டு ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்; உலர்வாகச் சுரண்டினால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். ஜிப்சம் பலகை ஊறிப் பூஞ்சை பிடித்திருந்தால் துடைத்துப் பயனில்லை, வெட்டி எடுத்து மாற்ற வேண்டியதுதான்.