செருப்பு ஒண்ணும் தொலையல

அன்புள்ள ஐயா,

தமுக்கம் பொருட்காட்சி பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். ரசித்தேன், கூடவே கோபமும் வந்தது. 'நாலு ராட்டினமும் ஒரு டெல்லி அப்பளமும் போதும், மதுரைக்கு எதற்குப் பெரிய தீம் பார்க்' என்று முடித்திருந்தீர்கள். உங்கள் தலைமுறைக்குப் போதும். எங்களுக்கு?

நான் திருநகர்க்காரன், சென்னையில் வேலை. போன வருடம் நண்பர்களோடு மதுரையிலிருந்து சிங்கப்பூர் போய் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பார்த்தேன். கால் அந்தரத்தில் தொங்க, தலைகீழாகப் போகும் சைலான் கோஸ்டரில் மூன்று முறை ஏறினேன். இப்போது பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு திருப்போரூர் பக்கம் புதிதாக வந்திருக்கும் வொண்டர்லாவுக்குப் போனோம். அங்கே தஞ்சோராவும் அதே மாதிரி தொங்கும் கோஸ்டர்தான். பாட்டியும் அம்மாவும் பைகளைப் பார்த்துக்கொண்டதால் நாங்கள் எல்லா ரைடும் முடித்துவிட்டோம். என் மதிப்பெண்: சிங்கப்பூர் 9, சென்னை 7.5, சின்ன வயதில் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்த நம் பரவை அதிசயம் பூங்கா 4. நீங்கள் எப்படி ஒப்பிடுவீர்கள்? மதுரைக்கு இப்படி ஒன்று வரவே வராதா?

ச., திருநகர்

*

அன்புள்ள ச.,

அந்தக் கடைசி வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கட்டுரையை எப்படி முடிப்பது என்று தெரியாதபோது இந்த மாதிரி வரிகள் வந்து விழும். பொருட்காட்சி எனக்குப் பிடிக்கும் என்பதற்காக உங்களுக்கு ரோலர் கோஸ்டர் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? தமுக்கத்தில் மரணக்கிணற்றின் பலகை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்று, கீழேயிருந்து சுற்றிச் சுற்றி மேலே ஏறிவரும் மோட்டார் சைக்கிள்காரர் நம் கையிலிருக்கும் ஒரு ரூபாயைப் பிடுங்கிக்கொண்டு போக மாட்டாரா என்று ஏங்கியவன்தான் நானும். பலகை அதிரும். அது காலுக்கு வந்து அப்புறம் வயிற்றுக்கு வரும். நீங்கள் சைலானில் மூன்று முறை தேடியதும் அதே வயிற்றுச் சமாசாரம்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் மதிப்பெண்ணோடு எனக்குத் தகராறு. அதைச் சொல்ல ஒரு சொந்தக் கதை வேண்டியிருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். ஒரு தண்ணீர்ப் பூங்காவுக்கு வேன் பிடித்துப் போனோம். பெயர் வேண்டாம், மதுரைப் பக்கம் இல்லை. பதினான்கு பேர். அம்மா முதல் நாள் ராத்திரியே புளிக்காய்ச்சல் கிண்டி, விடிகாலையில் சோறு வடித்து, பெரிய தூக்கு நிறையப் புளியோதரை, இன்னொன்றில் தயிர்ச் சோறு, மாவடு எல்லாம் கட்டிவிட்டார். வாசலில் காவலாளி தூக்கைத் திறக்கச் சொன்னார். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லையாம். "இது வெளிச் சாப்பாடு இல்லப்பா, வீட்டுச் சாப்பாடு" என்றார் அம்மா. பாவம், காவலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. தூக்கு வேனுக்குத் திரும்பியது.

உள்ளே அடுத்தது. நைலான் உடை இருந்தால்தான் தண்ணீரில் இறங்கலாம். பருத்தி நூல் வடிகட்டியில் போய் அடைக்கும் என்பது காரணம், நியாயமான காரணம்தான். எழுபது வயதில் வாடகை நைலான் சட்டை போட்டுக்கொள்ள அம்மா தயாராக இல்லை. முழு டிக்கெட் வாங்கியாகிவிட்டது. காளான் குடை மாதிரி ஒரு கூரை, அதன் கீழே சிமெண்டுத் திண்டு, அதில் அம்மா. சுற்றிலும் பதினொரு பை, பதின்மூன்று ஜோடிச் செருப்பு, மடி நிறைய கைக்கடிகாரமும் செல்போனும். மூன்று மணிக்கு வாகன நிறுத்தத்தில் கொதிக்கிற வேனுக்குள் உட்கார்ந்து புளியோதரையைச் சாப்பிட்டோம். திரும்பி வரும்போது, எப்படிம்மா இருந்தது என்று கேட்டேன். "செருப்பு ஒண்ணும் தொலையல" என்றார்.

அன்றிலிருந்து எந்தப் பூங்காவுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது ரைடில் ஏறாதவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதைத்தான். இது என் கோணல் என்று நினைத்திருந்தேன். டிஸ்னிலாந்து கதையைப் படித்தபோது தெம்பு வந்தது. வால்ட் டிஸ்னி சனிக்கிழமைகளில் தன் இரண்டு மகள்களையும் லாஸ் ஏஞ்சல்ஸ் கிரிஃபித் பூங்காவுக்குக் கூட்டிப் போவாராம். பிள்ளைகள் குதிரை ராட்டினத்தில் சுற்ற, அப்பா பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பார். பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து அனுபவிக்க ஓர் இடம் வேண்டாமா என்று அந்த பெஞ்சில்தான் தோன்றியது என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். அதாவது இந்தத் தொழிலின் மூலவிக்ரகமே செருப்புக்குக் காவல் இருந்த ஓர் அப்பா.

1955 ஜூலை 17ஆம் தேதி டிஸ்னிலாந்தைத் திறந்தபோது எல்லாம் சொதப்பல் என்பது வேறு கதை. அழைத்ததைவிடப் பல ஆயிரம் பேர் கூடுதலாகக் கூட்டம், போலி டிக்கெட், குழாய் வேலைக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்ததால் குடிதண்ணீர்த் தட்டுப்பாடு, புதிதாகப் போட்ட தார் இளகிப் பெண்களின் குதிகால் செருப்பு அதில் புதைந்தது. நம்மூர்ப் பொருட்காட்சியின் முதல் நாள் போலவே இருந்திருக்கிறது. ஆனால் பூங்காவைச் சுற்றி ஒரு ரயில் ஓடியது, தெருவில் ஊர்வலம் போனது. இரண்டுக்கும் நைலான் சட்டை வேண்டாம். வீட்டிலிருந்து கொண்டுவரும் தின்பண்டத்தை அமெரிக்க டிஸ்னி பூங்காக்கள் இன்றும் உள்ளே விடுகின்றன. அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை.

டிஸ்னியின் போட்டியாளர்தான் நீங்கள் 9 போட்ட யுனிவர்சல். 1964இல் ஹாலிவுட்டில், படப்பிடிப்பு நடக்கும் இடத்தை வண்டியில் உட்கார வைத்துச் சுற்றிக்காட்டித் தொடங்கிய கம்பெனி. 1990இல் டிஸ்னியின் கோட்டையான ஃப்ளோரிடாவிலேயே கடை விரித்தது. வெகுகாலம் வரை, பாட்டி பேரனோடு போக டிஸ்னி, காளைப் பருவத்துக்கு யுனிவர்சல் என்றுதான் ரசிகர்கள் பிரித்துப் பேசினார்கள். 2010இல் அங்கே ஹாரி பாட்டர் ஊரைக் கட்டினார்கள். வளைந்த கூரை, கூரையில் பனி, கடையில் மந்திரக்கோல், குடிக்க அந்தக் கதையில் வரும் பீர். எதிலும் ஏறாமல் அந்தத் தெருவில் நின்றுகொண்டே இருக்க ஆட்கள் வந்தார்கள். என் கணக்கில் யுனிவர்சல் டிஸ்னிக்குச் சமமாக எழுந்து நின்றது அன்றைக்குத்தான். 2025 மே மாதம் ஆர்லாண்டோவில் எபிக் யுனிவர்ஸ் என்று முழுதாக இன்னொரு பூங்காவையே திறந்துவிட்டார்கள்.

ரசிகர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதில் வேடிக்கை உண்டு. வருடா வருடம் புதிதாக ஏதாவது வேண்டும். ஆனால் பத்து வயதில் பார்த்தது எதுவும் மாறக் கூடாது. 1998இல் ஃப்ளோரிடா டிஸ்னியில் ஒரு தவளையாரின் மோட்டார் சவாரியை மூடியபோது பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து போராடினார்கள். ஹாரி பாட்டரின் இரண்டாவது ஊருக்கு இடம் வேண்டும் என்று 2012 தொடக்கத்தில் யுனிவர்சல் சுறாமீன் படகுச் சவாரியை எடுத்தபோது, புதிதைக் கேட்டவர்களே பழையதற்கு ஒப்பாரி வைத்தார்கள். வரிசையைக் குறைக்க 1999இலிருந்து இலவசமாகக் கொடுத்த ஃபாஸ்ட் பாஸை 2021இல் நிறுத்திவிட்டு, காசு கொடுத்தால் முன்னால் போகலாம் என்று டிஸ்னி சொன்னபோது வந்த கோபத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பொது தரிசன வரிசையில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, சிறப்பு தரிசனச் சீட்டுக்காரர் விறுவிறுவென்று போவதைப் பார்த்த மதுரைக்காரர் யாருக்கும் அது புரியும்.

பழசும் மாறக் கூடாது, புதுசும் வேண்டும் என்ற இந்தக் கோரிக்கையைத் தீர்த்துவைத்த ஊர் ஒன்று எனக்குத் தெரியும். சித்ரா பௌர்ணமியன்று அழகர் ஆற்றில் இறங்குகிறார். அதே குதிரை, அதே வைகை, சாமி தங்கிப் போகும் அதே மண்டகப்படிகள். ஒன்றே ஒன்று மட்டும் கடைசி நிமிடம் வரை யாருக்கும் தெரியாது, என்ன நிறப் பட்டு என்பது. பச்சை கட்டினால் நாடு செழிக்கும் என்று முந்தின நாளே டீக்கடையில் பேச்சு ஓடும். புதுமை மொத்தமும் அந்த ஒரு பட்டில் இருக்கிறது. அப்புறம் துருத்தியில், அதாவது தோல்பையில், தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். கட்டணமில்லாத தண்ணீர் விளையாட்டு, பருத்தி வேட்டிக்குத் தடை இல்லை. நடக்க முடியாத பாட்டி மண்டகப்படிப் பக்கமாக உட்கார்ந்திருந்தால் சாமி அந்தப் பக்கம் வருகிறது. நீர்மோர், பானகம் கைக்கு வருகிறது. இரண்டு போட்டி நிகழ்ச்சிகளை இணைத்த நிர்வாகத் திறமையும் இந்தக் கதையில் உண்டு. தேனூரில் நடந்துகொண்டிருந்த அழகர் விழாவை மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்தவர் திருமலை நாயக்கர் என்பார்கள்.

சரி, சாமி ஊர்வலத்தையும் டிக்கெட் போட்ட பூங்காவையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வேடிக்கைக்குக் கிளம்பும்போது மதுரைக் குடும்பம் மனதில் என்ன வைத்துக்கொண்டு கிளம்புகிறது என்பது அந்த ஆற்றங்கரையில் முடிவானது. கட்டுச்சோறு, நிழல், வயசானவருக்கு ஓர் இடம், பத்து பேரும் சேர்ந்து ஒன்றைப் பார்ப்பது. பூங்காக்காரர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

நம்மூர்ப் பூங்காக்களுக்கு வருகிறேன். 1995இல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தாவைத் தொடங்கியவர், இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன். வேடிக்கை காட்டத் தெரிந்தவர். 2000இல் கொச்சியில் வீகாலாந்தைத் தொடங்கிய கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி, வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்து பெரிய ஆளானவர். அதுதான் வொண்டர்லாவாக வளர்ந்து பெங்களூரு, ஐதராபாத், புவனேஸ்வர் என்று போய், 2025 டிசம்பரில் உங்கள் திருப்போரூருக்கு வந்திருக்கிறது. அவர்களுடைய ரைடுகளில் பலவற்றைக் கொச்சியில் அவர்களே செய்துகொள்கிறார்கள். தஞ்சோரா அப்படியல்ல, சுவிட்சர்லாந்துக் கம்பெனியின் தண்டவாளம். இந்தத் தொழிலில் அந்த சுவிஸ்காரர்கள் பெரிய ஸ்தபதிகள். அதனால் தஞ்சோராவையும் சைலானையும் நீங்கள் தாராளமாக எதிரெதிரே வைக்கலாம். அந்த ஒப்பீட்டில் நான் குறுக்கே வரவில்லை. இரண்டிலும் ஏறாதவன் நான்.

பரவைக்கு 4 என்பதில்தான் குறுக்கே வருகிறேன். நீங்கள் அங்கே போனபோது உங்களுக்கு என்ன வயது, பத்தா? அன்றைக்குப் பேருந்தில் திரும்பும்போது நண்பனிடம் என்ன மதிப்பெண் சொல்லியிருப்பீர்கள்? பெரியவனாகிச் சிங்கப்பூரைப் பார்த்துவிட்டுப் பத்து வயதுக்காரனின் விடைத்தாளைத் திருத்தியிருக்கிறீர்கள். சிவப்பு மையைக் கீழே வையுங்கள்.

மதுரைக்கு வருமா என்று கேட்டீர்கள். சென்னைப் பூங்காவே நிலம் வாங்கி, கேளிக்கை வரி விலக்குக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வந்ததுதான். பெரிய கோஸ்டர் என்றால் பெரிய முதலீடு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை வைத்து அதை எடுக்க முடியாது, செவ்வாய்க்கிழமையும் ஆள் வர வேண்டும். மதுரையில் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் கோயிலுக்குத்தான் போகும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே சீக்கிரத்தில் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. வந்தால் டிக்கெட் வாங்கிப் போவேன், கையில் தூக்கோடு.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் ரைடுகளின் பெயர், வரிசை எல்லாம் இருக்கிறது. பாட்டியும் அம்மாவும் பைகளோடு அன்று எங்கே உட்கார்ந்திருந்தார்கள், மத்தியானம் என்ன சாப்பிட்டார்கள் என்று இல்லை. கேட்டு எழுதுங்கள். உங்கள் 7.5ஐ அப்புறம் பேசிக்கொள்ளலாம்.