மூட்டை காத்தவருக்கும் சரிபங்கு
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ராணுவத்தில் ஸ்டோர் கிளார்க்காக இருந்து பென்ஷன் வந்தவன் நான். எல்லையில் துப்பாக்கியோடு ஒருநாளும் நின்றதில்லை. எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்தில் ஜூலை 26 கார்கில் வெற்றி தினத்துக்கு மேடையேற்றுவது போர்முனை பார்த்தவர்களை மட்டும்தான். போகவே கூச்சமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உட்கார்ந்திருக்கும்போதும் இந்த நினைப்பு விடமாட்டேன் என்கிறது.
– வாசகர், பர்கூர்

பதில்: அண்ணா, பைபிளில் 1 சாமுவேல் 30-ஆம் அதிகாரத்தை இன்று ராத்திரியே எடுத்துப் படியுங்கள். தாவீதும் அவனுடைய 600 பேரும் சிக்லாகுக்குத் திரும்பி வருகிறார்கள், ஊர் எரிந்து கிடக்கிறது, பெண்டு பிள்ளைகளை அமலேக்கியர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், அழத் தெம்பில்லாமல் போகிறவரை அழுகிறார்கள். அப்புறம் எதிரியைத் துரத்திப் போகும்போது 200 பேருக்கு பேசோர் ஆற்றைத் தாண்ட முடியவில்லை, அவ்வளவு களைப்பு, சாமான்களோடு இந்தக் கரையிலேயே தங்கிவிட்டார்கள். மீதி 400 பேர் போய் எல்லாரையும் மீட்டு வந்தார்கள். வந்ததும் அதில் சிலர், இவர்கள் எங்களோடு வரவில்லை, பெண்டாட்டி பிள்ளையை மட்டும் கூட்டிக்கொண்டு போகட்டும், பொருளில் பங்கு கிடையாது என்றார்கள். தாவீது ஒத்துக்கொள்ளவில்லை. சண்டைக்குப் போனவனுக்கு எவ்வளவோ அவ்வளவுதான் மூட்டை முடிச்சோடு இருந்தவனுக்கும், சரிபங்கு என்றான். அதையே இஸ்ரவேலுக்குச் சட்டமாகவும் வைத்தான்.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது அவன் சொன்ன காரணம். அந்த 200 பேரும் பெரிய வேலை செய்தார்கள் என்று அவன் வாதாடவில்லை. இது கர்த்தர் நமக்குக் கொடுத்தது என்கிறான். கொடுத்தவர் அவர் என்றால் இன்னொருவன் பங்கைக் குறைக்க நாம் யார்? நீங்களோ அந்த 200 பேரைப்போலக் களைத்து உட்கார்ந்தவரும் இல்லை. 1999-இல் கார்கில் மலைமேல் நின்றவனுக்குக் குண்டும், மண்ணெண்ணெயும், கம்பளிச் சட்டையும் யாரோ எண்ணி, எழுதி, வண்டியேற்றி அனுப்பித்தான் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஜூலைக்கு முன்பே சங்கச் செயலாளரிடம் நேராகப் பேசுங்கள். லங்கரில் சமைத்தவர், டிரைவர், நர்சிங் அசிஸ்டென்ட் எல்லாரும் மேடையில் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசட்டும். இத்தனை வருஷம் குடும்பத்தைத் தனியாகக் கட்டிக் காத்த மனைவிமாரும் பேசட்டும், அவர்களும் மூட்டை காத்தவர்கள்தான்.

கேள்வி: கணவர் இறந்த பிறகு சங்கத்துக்குப் போவதை விட்டுவிட்டேன். நாங்கள் கிறிஸ்தவர்கள். அங்கே குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள், ஆயுத பூஜைக்குப் பொரி கடலை கொடுக்கிறார்கள். நான் போகலாமா?
– வாசகி, எலத்தகிரி

பதில்: தாராளமாகப் போங்கள் அக்கா. உங்கள் வீட்டுக்காரர் சர்வீஸில் இருந்தபோது யூனிட்டே அணியாகச் சேர்ந்து வழிபடும் மந்திர் பரேடுக்குப் போகாமலா இருந்திருப்பார்? எந்த மதமானாலும் யூனிட்டில் எல்லாரும் சேர்ந்துதான் நிற்பார்கள், பல யூனிட்களில் சர்வ தர்ம ஸ்தலம் என்று ஒரே கூரைக்குக் கீழே எல்லா மதத்துக்கும் இடம் உண்டு. அதனால் அவருடைய விசுவாசம் குறைந்துவிடவில்லை. குத்துவிளக்கு நம் கோயில்களிலும் உச்சியில் சிலுவையோடு எரிகிறது. மனசாட்சி இடம் தராத சடங்கு என்றால் ஓரமாக மரியாதையோடு நில்லுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. ராணுவப் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா, வருஷா வருஷம் வாழ்வுச் சான்று ஏறிவிட்டதா, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். கார்டு உங்கள் பெயரில் இருக்கிறதா, இதையெல்லாம் பொறுமையாக உட்கார்ந்து பார்த்துத் தர அங்கே ஆள் கிடைக்கும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குத் துணைக்கு வரவும் ஆள் இருக்கும். சங்க உறுப்பினர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிப்பதுதான் மாசில்லாத பக்தி என்கிறார் யாக்கோபு. கூட்டத்துக்கு வருவது நின்றுபோன வீடுகளுக்கு நீங்களே போய்க் கதவைத் தட்டுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் முன்னாள் வீரர்களின் சங்கக் கிளையைப் போஸ்ட் என்கிறார்கள். ஜெபத்தோடு கூட்டம் தொடங்குகிறதாம், ஜெபத்தை நடத்த சேப்ளின் என்று ஒருவரும் உண்டாம், மகன் சொன்னான். நம் கிருஷ்ணகிரியில் ஏன் அப்படிச் செய்யக் கூடாது?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: அமெரிக்கன் லீஜியன் என்ற அந்த முன்னாள் வீரர் சங்கத்தின் கிளைகளில் அந்த வழக்கம் உண்மைதான். அவர்கள் பிப்ரவரியில் யாரை நினைவுகூர்கிறார்கள் என்பதையும் மகனிடம் கேளுங்கள். 1943 பிப்ரவரி 3 அன்று டார்செஸ்டர் என்ற அமெரிக்கப் படைக் கப்பல் கிரீன்லாந்து பக்கம் தாக்கப்பட்டு மூழ்கியது. அதிலிருந்த நான்கு சேப்ளின்களில், அதாவது படை மதகுருக்களில், ஒருவர் கத்தோலிக்கர், ஒருவர் யூத ரபி, இரண்டு பேர் புராட்டஸ்டன்ட். லைஃப் ஜாக்கெட் தீர்ந்துபோனதும் தங்களுடையதைக் கழற்றி மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனார்கள். எதிரே நிற்பவன் எந்த மதம் என்று அவர்கள் பார்க்கவில்லை.

இந்துக்களும் முஸ்லிம்களும் நாமும் கலந்திருக்கும் சங்கத்தை நம்முடைய ஜெபக்கூட்டமாக மாற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இறந்த தோழர்களின் பெயரை வாசித்து இரண்டு நிமிடம் மௌனமாக நில்லுங்கள், அவரவர் தம் கடவுளிடம் பேசிக்கொள்ளட்டும். யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால் அவருக்காக ஜெபிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் போய்ப் பாருங்கள்.

கேள்வி: பட்டாளத்தான் நல்ல கிறிஸ்தவனாக இருக்க முடியுமா தாத்தா என்று பேரன் கேட்கிறான். என்ன சொல்வது?
– வாசகர், கோவிலூர், தருமபுரி

பதில்: அய்யா, நற்கருணை வாங்கும் முன் பூசையில், ஆண்டவரே என் இல்லத்துக்கு நீர் வர நான் தகுதியற்றவன் என்று சொல்கிறோமே, அதை முதலில் சொன்னவர் ஒரு ரோமப் படை அதிகாரிதான், மத்தேயு 8-இல் இருக்கிறது. தம்மிடம் வந்த போர்ச்சேவகர்களைத் திருமுழுக்கு யோவான் வேலையை விடச் சொல்லவில்லை, யாரையும் மிரட்டாதே, பொய்க் குற்றம் சாட்டாதே, சம்பளமே போதும் என்றிரு என்றார். லூக்கா 3-ஆம் அதிகாரத்தைப் பேரனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அடுத்து, நீங்கள் யாரையாவது சுட்டிருக்கிறீர்களா என்று கேட்டாலும் கேட்பான். மழுப்பாமல் பதில் சொல்லுங்கள், சொல்ல முடியாவிட்டால் முடியவில்லை என்றே சொல்லுங்கள். அந்தக் கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்தால், பங்குச் சாமியாரையோ, சங்கத்தில் உங்களோடு சர்வீஸ் செய்தவரையோ இந்த வாரமே போய்ப் பாருங்கள்.