நேற்று திருத்திய ப்ரீசெட் எங்கே போச்சு?

கேள்வி: மேலூர் பக்கம் ஒரு சமுதாய வானொலியில் வேலை பார்க்கிறேன். புது ஆடியோ பிராசஸர், அதாவது ஒலிபரப்புக்குப் போகும் முன் ஒலியைச் சீர்செய்யும் கருவி, வந்திருக்கிறது. உள்ளே ஏகப்பட்ட ப்ரீசெட் (முன்கூட்டியே செய்து வைத்த ஒலி அமைப்பு), எதை வைப்பதென்றே தெரியவில்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒன்றைத் திருத்தினேன், காலையில் நிகழ்ச்சிக்கு வந்த தம்பி இன்னொன்றைப் போட்டு அதையும் திருகிவிட்டான். என்னுடையது போயே போச்சு!

பதில்: போனது போகட்டும். கம்பெனி கொடுத்த ப்ரீசெட்டின் மேல் பெரும்பாலான கருவிகளில் எழுத முடியாது. நீங்கள் திருத்தியது ஒரு நகல், வேறு பெயரில் சேவ் செய்கிறவரை அது அந்தரத்தில்தான் நிற்கும். பெயரையும் ‘புதுசு’, ‘புதுசு2’, ‘கடைசி’ என்று வைக்காதீர்கள், ‘பேச்சு-12மார்ச்’ மாதிரி வையுங்கள். எந்த ப்ரீசெட்டிலிருந்து தொடங்கினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவிட்டு, கணினியிலும் ஒரு நகல் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் கருவி பழுதுக்குப் போனால் அதோடு எல்லாம் போய்விடும்.

எதை வைப்பது? ராக், ஜாஸ், கன்ட்ரி என்ற பெயர்களை நம்பாதீர்கள், அதை வைத்தவர்கள் தவிலை நினைத்து வைக்கவில்லை. பழைய சினிமாப் பாட்டு ஒன்று, புதுசு ஒன்று, நாதஸ்வரம், போனில் பேசும் ஒரு விவசாயியின் குரல், உங்கள் அறிவிப்பாளர் ‘சிவகங்கை, ஸ்ரீவில்லிபுத்தூர்’ என்று வாசிப்பது, இந்த ஐந்தையும் பென்டிரைவில் போட்டு ஒவ்வொரு ப்ரீசெட்டிலும் ஓட்டுங்கள். ஒப்பிடும்போது சத்த அளவு சமமாக இருக்கட்டும், இல்லையென்றால் காது எப்போதும் சத்தமானதைத்தான் நல்லது என்று சொல்லும். அரை மணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள், அதற்கப்புறம் காதின் தீர்ப்பு செல்லாது. மறுநாள் டீக்கடை ரேடியோவிலும் செல்போனிலும் கேளுங்கள்.

ஸ, ச எல்லாம் சீறுகிறதா? ப்ரீசெட்டைக் குறை சொல்லும் முன் செட்டப் பக்கத்தில் ப்ரீ-எம்பசிஸைப் பாருங்கள். கூர்மையான உச்ச ஒலிகளைத் தூக்கி அனுப்புவதுதான் அது, ரேடியோ அதைத் திரும்ப இறக்கிக்கொள்ளும். நம் நாட்டுக்கு 50 மைக்ரோ நொடி, அமெரிக்காவில் 75. அங்கிருந்து வரும் கருவி 75-லேயே கிடந்தால் இங்கே ரேடியோவில் உச்ச ஒலி தூக்கலாகத்தான் கேட்கும். பிராசஸரே ப்ரீ-எம்பசிஸைச் செய்கிறது என்றால் டிரான்ஸ்மிட்டரில் அணைத்துவிடுங்கள், இரண்டும் செய்தால் கர்ணகடூரம்.

கருவி ஆப்டிமாட் என்ற பிராசஸர் வகையாக இருந்தால் முதலில் லெஸ்-மோர் (ப்ரீசெட்டின் வேலையை மொத்தமாகக் கூட்டிக் குறைக்கும் ஒற்றைக் கட்டுப்பாடு) ஒன்றை மட்டும் திருகுங்கள். இன்னொன்று, சத்தத்தைக் கூட்டிக் காட்டும் ‘லவுட்’ ப்ரீசெட் போட்டால் பக்கத்து ஊருக்கும் எட்டும் என்ற ஆசை வேண்டாம். தூரத்தைத் தீர்மானிப்பது கோபுர உயரமும் வாட்டும், உங்களுக்கு அனுமதியே பொதுவாக 100 வாட்தான். எல்லையோரத்தில் இரைச்சலை மீறிக் கொஞ்சம் கேட்கும், அதற்கு விலையாக வீட்டுக்குள் கேட்கிறவர் காது வலிக்கும்.

கேள்வி: அழகர் ஆற்றில் இறங்குவதை நேரலையாகக் கொடுத்தோம். வர்ணனையாளர் மூச்சு விட்டால் போதும், கூட்டச் சத்தம் குப்பென்று மேலே ஏறுகிறது!

பதில்: ஏஜிசி, அதாவது சத்தம் குறைந்தால் தானாகத் தூக்கிவிடும் பகுதி, இடைவெளியை நிரப்பப் பார்க்கிறது. அது சத்தத்தைத் திரும்ப ஏற்றும் வேகமான ரிலீஸை மெதுவாக்கி, பிராசஸருக்குள் போகும் அளவைக் குறைத்து, அதைத் தனி ப்ரீசெட்டாக சேவ் செய்யுங்கள். சத்தம் மிகக் குறைந்தால் ஏஜிசி ஏற்றுவதை நிறுத்தும் கேட் இங்கே பெரிதாக உதவாது, வைகைக் கூட்டம் அதற்கெல்லாம் அடங்குகிற சத்தமா? கூட்டத்துக்குத் தனி மைக் இருந்தால் மிக்ஸரிலேயே இறக்குங்கள். நேரம் வைத்துத் தானாக மாறும் வசதி இருந்தாலும் அன்றைக்குக் கையாலேயே மாற்றுங்கள், அழகர் நம் கடிகாரம் பார்த்தா இறங்குகிறார்?