டெக்கீலா மீன்னு ஒண்ணு இருக்காமே, அது நிஜமா எங்க வாழுது? தொட்டில வளர்க்கற கப்பி மீன் மாதிரி குட்டி போடுமா?

ஆமா குட்டிதான் போடும், ஆனா கப்பி மாதிரின்னு சொல்லிட முடியாது. கப்பியோட குட்டி முட்டையில இருக்கற மஞ்சக்கருவ தின்னே வளந்துடும். இது குடெயிட்ங்கற மீன் குடும்பம், தாய் வயித்துக்குள்ள இருக்கற குட்டிக்குப் பின்பக்கம் ரிப்பன் மாதிரி இழைங்க நீட்டிட்டு இருக்கும், அது வழியா அம்மாகிட்ட இருந்து சத்த உறிஞ்சும், பொறந்ததுக்கு அப்புறம் அதெல்லாம் சுருங்கிடும். மீனுக்கு தொப்புள்கொடி மாதிரி ஒரு ஏற்பாடு, எனக்கு இதுதான் செம மேட்டர்.

இடம் மெக்சிகோ, ஹலிஸ்கோ மாநிலம், டெக்கீலா எரிமலைப் பக்கம் டெயுசித்லான் ஆறு. ஊற்றுத்தண்ணி, தெளிவா இருக்கும். உலகத்துல இதுக்கு சொந்த வீடு அது ஒண்ணுதான், அதுலயும் அசுத்தமும் வெளியூர் மீன்களும் சேர்ந்து ஆத்துல இருந்தே காலி பண்ணிடுச்சு. 1998ல இங்கிலாந்தோட செஸ்டர் ஜூல இருந்து அஞ்சு ஜோடி மெக்சிகோவோட மிச்சோகான் பல்கலைக்கழகத்துக்குப் போச்சு, அங்க இனப்பெருக்கம் பண்ணி, குளத்துல விட்டுப் பழக்கி, 2017 வாக்குல ஆத்துல விட்டாங்க, இப்ப அங்கயே பெருகிட்டு இருக்கு.

ஆண் மீனோட வால்ல ஆரஞ்சு கலர் பிறை இருக்கும், பாத்தா கண்டுபிடிச்சிடலாம். வளர்க்க ஆசைப்பட்டா தொட்டில வளந்த குட்டியத்தான் தேடுங்க.